ஒழுக்கோடு ஒரு கொழும்புப் பயணம்

முதலில் வரவே இல்லை. பிறகு நிற்கவே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மதுரையில் எனக்கு ஓர் ஆபரேசன் நடந்தது.

நடந்து மூன்று வருஷம் ஆகிறது. சிறுநீர் என்று எழுதினால் நாகரிகமாக இருக்கும். ஆனால் எனக்கு ஒழுகியது மூத்திரம்தான், அப்படியே எழுதுகிறேன். ஆண்களுக்கு இது ஒழுகும் என்று யாரும் பேசுவதில்லை. பேசினால் சிரிப்பார்கள் என்று பயம். நானும் அப்படித்தான் பயந்தேன். இப்போது யாராவது வேட்டிக்குள் துணியைச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எழுந்திருக்கப் பயந்து உட்கார்ந்திருந்தால், அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். நடை அப்படி இப்படி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் தண்டல். அதாவது பாய்த் தோணியை நடத்துகிறவன். தூத்துக்குடியில் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக் கொழும்பில் இறக்குவோம். காற்று சரியாக இருந்தால் ஒரு பகல், ஒரு இரவு. காற்று விழுந்துவிட்டால் நாலு நாள்கூட நடுக்கடலில் கிடப்போம். ஒரே தோணியில் பத்துப் பேர். சுக்கான் என் கையில். இருபத்திரண்டு வருஷம், தூங்குகிற நேரம் தவிர, அதை வேறு யார் கையிலும் நான் கொடுத்ததில்லை.

அந்த வருஷம் மாசி மாதம் கொழும்பிலிருந்து திரும்பும்போது அடைத்துக்கொண்டது. தோணி ஓரத்தில் நின்று நின்று பார்த்தேன், சொட்டு வரவில்லை. அடிவயிறு கல்லாக இறுகிவிட்டது. கரைக்கு வந்ததும் எங்கள் ஊர் டாக்டர் கதீட்டர் (மூத்திரம் வடிய உள்ளே விடும் ரப்பர்க் குழாய்) போட்டார். ஒரு பெரிய சொம்பு நிறைய வந்தது. அந்த நிம்மதி அடைபட்டவனுக்குத்தான் தெரியும். புராஸ்டேட் (மூத்திரப் பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்கும் சுரப்பி) வீங்கியிருக்கிறது, மதுரைக்குப் போங்கள் என்றார்.

மதுரை ஆஸ்பத்திரியின் பெயர் எதற்கு? டாக்டர் நல்ல மனிதர். ஆபரேசனுக்கு முந்தின நாள் என் மகன் ராயப்பனைத் தனியே கூப்பிட்டார். நடைபாதைக் கடைசியில் சன்னல் ஓரமாக இருவரும் பேசிக்கொண்டிருந்தது என் கட்டிலிலிருந்தே தெரிந்தது. டாக்டர் பேசப் பேச ராயப்பன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டான்.

"என்னலே சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா. சாதாரண ஆபரேசன்தான். பத்து நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்னாரு."

பத்து நாளில் வீட்டுக்கு வந்தோம். அவன் சொன்னதில் அது மட்டும் சரி.

குழாயை எடுத்த அன்றைக்கே ஒழுக ஆரம்பித்துவிட்டது. இருமினால் ஒழுகும். எழுந்தால் ஒழுகும். யாராவது வேடிக்கையாகப் பேசிச் சிரிக்கவைத்தால் அதற்கும் ஒழுகும். "மூணு மாசத்துல நின்னுரும்பா" என்றான் ராயப்பன். என் மனைவி செலஸ்தீன், நான் வீட்டுக்குள் காலை வைக்கும்போதே பழைய வேட்டிகளைக் கிழித்து, நாலாக மடித்து, ஓரம் அடித்து ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தாள். எவ்வளவு கருத்தானவள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆடிக் காற்று முடிந்து புரட்டாசியில்தான் தோணியை மறுபடி கடலில் இறக்குவார்கள். அதற்குள் நான் காய்ந்த துணியோடு சுக்கானில் உட்கார வேண்டும். அது ஒன்றுதான் எனக்குக் கவலை. பத்து ஆண்கள் நடுவில், மறைவென்று ஒன்று இல்லாத இடத்தில், சாரம் (லுங்கி) நனைந்தவனாக ஒரு தண்டல் இருக்க முடியாது. அவன் சொல்லை யார் கேட்பான்?

மூன்று மாதம் ஆயிற்று. நிற்கவில்லை. சரி, நிற்கிறவரைக்கும் எதையாவது கட்டிச் சமாளிப்போம் என்று ஒவ்வொன்றாகக் கட்டிப்பார்த்தேன்.

துணியைப் பற்றி முதலில் சொல்கிறேன், எல்லாரும் அதில்தான் தொடங்குவார்கள். வீட்டுக்குள் இருப்பவனுக்குத் துணி போதும். தோலுக்கு நல்லது, கெட்டியாகக் கட்டினால் நடக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் துணி. துவைத்தால் எங்கே காயப்போடுவது? எங்கள் தெருவில் கொடியில் கிடப்பதைப் பார்த்தே அந்த வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள். செலஸ்தீன் சேலைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டாள். மேலே ரப்பர் ஷீட் சுற்றினால் வெளியே நனையாது, ஆனால் நம்மூர் வெயிலுக்கு உள்ளே வெந்துவிடும். எப்படித் துவைத்தாலும் இரண்டு மணி நேரத்தில் வாடை வரும். நமக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும்.

அடுத்தது கிளாம்ப். எங்கள் தெருமுனை டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்த சாமுவேல் மதுரைக் கடையில் சொல்லி வரவழைத்துக் கொடுத்தார். துணி உலர்த்தும் கவ்வியைப் போல இருக்கும், உள்பக்கம் ஸ்பாஞ்சு வைத்திருக்கும். ஆணுறுப்பின் நடுவில் மாட்டிப் பூட்டினால் மூத்திரக் குழாய் நசுங்கி அடைபடும். முதல் நாள் மாட்டியதும் சொட்டு இல்லை. மாதா கோயில் பெரிய பூசைக்குப் போனேன், முழந்தாளிட்டேன், எழுந்தேன், காய்ந்தே இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கழற்றாமல் ஐந்து மணி நேரம் வைத்துவிட்டேன். கழற்றிப் பார்த்தால் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் திறந்துவிட வேண்டும், போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. கோயிலுக்கோ கடைக்கோ போய்வரக் கிளாம்ப் சரி. கடலுக்கு உதவாது.

மூன்றாவது உறை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மலிவாக விற்கிறதே, அந்த உறைதான். அதன் நுனியை வெட்டி, ஒரு ரப்பர்க் குழாயில் நூலால் கட்டி, குழாயின் மறுமுனையைக் கெண்டைக்காலில் கட்டிய ரப்பர்ப் பையில் விட வேண்டும். பைக்கு அடியில் ஒரு திருகு இருக்கும், நிறைந்தால் திறந்து வடித்துவிடலாம். இதைச் செய்யக் கற்றுத்தந்ததும் சாமுவேல்தான்.

உறையை எங்கே வாங்குவது? நான் கோயில் சபையில் இருப்பவன், திருவிழாவில் மாதா சொரூபம் தூக்குகிறவன். சாமியார் பிரசங்கத்தில் கூடாது என்று சொல்கிற சாமானை, பேரன் எடுத்த வயதில், எங்கள் தெருக் கடையில் போய்க் கேட்க முடியுமா? பஸ் ஏறி ஸ்ரீவைகுண்டம் போனேன். அங்கே என்னைத் தெரிந்தவர் கிடையாது. கடை அண்ணாச்சி "எத்தனை வேணும்?" என்றார். "ரெண்டு டஜன்" என்றேன். அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார், பொட்டலத்தைக் கட்டினார். "நடக்கட்டும் அண்ணாச்சி, நடக்கட்டும்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் பொட்டலத்தை மடியில் செருகியே வைத்திருந்தேன்.

உறையின் மேலிருக்கும் வழவழப்பைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும், இல்லையென்றால் நழுவிவிடும். அடியில் மயிரை மழித்துவிட வேண்டும். உறை கழலாமல் மேலே ஒட்டும் பிளாஸ்திரியை வளையமாகச் சுற்றக்கூடாது, ரத்தம் ஓடாமல் போகும். சரிவாகச் சுற்ற வேண்டும். தினமும் கழற்றிக் கழுவிக் காயவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் குழாய் மடங்கி மூத்திரம் பின்னால் ஏறும், உறை கழன்றுவிடும். ஆகவே குழாயைக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும்.

இதில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வியர்வையில் பிளாஸ்திரி பிடிப்பு விட்டுக்கொண்டே இருந்தது. தோணிக்காரன் புத்தி எங்கே போகும்? தோணியில் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிப் பூசி அடைப்போம், அதற்குக் கலப்பத்து என்று பெயர். கடல் தண்ணீரையே தடுப்பது இந்தத் தண்ணீரைத் தடுக்காதா என்று, அந்தக் கலவையில் கொஞ்சம் எடுத்து ஆறவைத்துப் பூசி உறையை ஒட்டினேன். ஒரு நாள் முழுக்க அசையவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக் கடற்கரை ரோட்டில் இரண்டு தடவை நடந்தேன். மறுநாள் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது.

"அண்ணாச்சி, இது என்ன தோணியா?" என்றார் சாமுவேல். மருந்து போட்டுக்கொண்டே சிரித்தார். வலியோடு நானும் சிரித்தேன், அதற்கும் ஒழுகியது.

புண் ஆறப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளில் இன்னொரு முட்டாள்தனம். காற்று விழுந்து தோணி கிடந்தால், பீப்பாய்த் தண்ணீரைத் தண்டல்தான் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பான். அதே கணக்கை என் உடம்புக்குப் போட்டேன். உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும்தானே? ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர். ஒரு வாரத்தில் எரிச்சல், பிறகு குளிர்க் காய்ச்சல், மூத்திரம் கலங்கி நாற்றம். ராயப்பன் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"யூரின் இன்பெக்சன் (மூத்திரப் பாதையில் கிருமி சேர்வது). தண்ணியைக் குறைச்சா இதுதான் வரும், ஒழுக்கும் கூடும். யார் குறைக்கச் சொன்னது?" என்றார் டாக்டர்.

"புரட்டாசியில தோணி இறங்குது டாக்டர். அதுக்குள்ள இது நிக்கணும்லா."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பெரியவரே, உங்க பையன்கிட்ட ஆபரேசனுக்கு முன்னாடியே சொன்னேனே. உங்களுக்கு ஸ்பிங்க்டர் (மூத்திரப் பையின் வாயை இறுக்கி மூடும் சதை வளையம்) ஏற்கெனவே பலவீனம். சுரப்பியை எடுத்தா ஒழுக்கு கடைசி வரைக்கும் இருக்கலாம்னு சொல்லித்தானே கையெழுத்து வாங்கினேன். அவர் சொல்லலையா?"

நான் ராயப்பனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினோம். வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றிய பிறகுதான் கேட்டேன்.

"ஏம்லே எனக்குச் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க ஆபரேசனுக்குச் சம்மதிச்சிருப்பியளாப்பா? அடைச்சே செத்திருப்பிய."

"அது நான் முடிவு பண்ண வேண்டிய காரியம்லா? ஒழுகுதது ஒனக்கா எனக்கா?"

உள்ளேயிருந்து செலஸ்தீன் வந்தாள். "அவன ஏசாதிய. டாக்டரு என்ன சொன்னாலும் ஒங்கள்ட்ட சொல்லாதன்னு நாந்தான் முன்னாடியே சொல்லி விட்டேன். நீங்க உசிரோட இருந்தாப் போதும்னு இருந்துச்சு."

அப்போதுதான் அந்தத் துணிப் பெட்டி எனக்கு விளங்கியது. நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, ஒழுக ஆரம்பிக்கும் முன்பே, ராயப்பன் சொல்லியனுப்பியதைக் கேட்டு இவள் இங்கே உட்கார்ந்து என் ஆயுசுக்கும் துணி தைத்திருக்கிறாள்.

"ஏளா, தோணி முதலாளிக்கும் தெரியுமா?" என்றேன்.

ராயப்பன்தான் சொன்னான். "தெரியும்ப்பா. பங்குனியிலேயே சொல்லிட்டேன். புரட்டாசியிலேருந்து சுக்கான நான் புடிக்கதா பேச்சு."

ஆபரேசனை நான் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை நானே சரி என்றிருப்பேன், இரண்டு நாள் கத்திவிட்டு. என்னை அறுத்தது வேறு. அத்தனை மாதமும் காலையில் கண் திறக்கும் முன் கையை விட்டுத் துணியைத் தொட்டுப் பார்ப்பேன். "இன்னைக்குக் கொஞ்சம் குறைச்சல்தான், இல்லையா?" என்று செலஸ்தீனிடம் கேட்பேன். அவளும் "ஆமா, குறைஞ்சிருக்கு" என்பாள். தெரிந்துகொண்டே சொன்னாள். நான் நம்பிக்கொண்டிருந்ததை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளையும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் வாய்விட்டு அழுதேன். வெட்கப்படவில்லை.

மறுநாள் முதலாளி வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு பயணம் கொடுங்கள், தோணி என் கையில் நிற்கிறதா என்று பாருங்கள், நிற்கவில்லையென்றால் நானே விலகுகிறேன் என்றேன். பழகிய மனிதர், மறுக்கவில்லை. ராயப்பன் இரண்டாவது ஆளாக வருவான் என்று மட்டும் சொன்னார்.

புரட்டாசியில் ஏறினேன். உறை, குழாய், கால்பை. மாற்றுக்கு ஒரு டஜன். மடியில் கிளாம்ப். ஒரு நாளைக்குப் பத்து டம்ளர் தண்ணீர். பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு வாளியைச் சுற்றிப் பழைய பாய்த்துணியைத் திரையாகக் கட்டியிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அப்படியொரு திரையை எந்தத் தோணியிலும் நான் பார்த்ததில்லை.

"இது என்னலே சூசை?" என்றேன். சூசை என்னோடு பதினைந்து வருஷமாகப் பாய் இழுப்பவன்.

"வெயிலுக்குத்தான் தண்டல்."

அந்தப் பக்கம் வெயிலே வராது. ஆக, இவர்களுக்கும் தெரியும். ஊரே அறிந்த ரகசியத்தை நான் ஒருவன்தான் சாரத்துக்குள் பொத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஒருத்தனாவது நேருக்கு நேர் கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கொழும்புக்கு இரண்டு நாள். பை ஒரு குறையும் வைக்கவில்லை. சரக்கை இறக்கினோம், திரும்பினோம். தூத்துக்குடியை நெருங்கும்போது மத்தியானம் நல்ல மழை பிடித்துக்கொண்டது. கோயில் கோபுரத்தை அடையாளம் வைத்துத்தான் நாங்கள் உள்ளே வருவோம். கோபுரமும் தெரியவில்லை, கரைக்கு முன்னால் கிடக்கும் தீவும் தெரியவில்லை. அந்தப் பக்கம் கடலுக்கு அடியில் பார் இருக்கிறது. பார் என்றால் பாறைத் திட்டு, முன்பு முத்துக் குளித்த இடம். தட்டினால் தோணி உடைந்துவிடும்.

இந்த மாதிரி நேரத்தில் ஒருவன் முன்பக்கம் நின்று, ஈயக் குண்டு கட்டிய கயிற்றை விட்டு ஆழத்தை அளந்து சொல்வான். சுக்கானில் இருப்பவனுக்குத் தண்ணீர் தெரியாது. முன்னால் நிற்பவன் சொல்லும் எண்ணை அப்படியே நம்பித்தான் திருப்ப வேண்டும். அன்றைக்கு அளந்தது ராயப்பன்.

"ஏழு பாகம்" என்றான். (ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம்.) நேரே போனேன்.

"ஆறு பாகம்." நேரே போனேன்.

"ஆறு பாகம்" என்றான் மறுபடியும். அந்தக் குரலில் எனக்கு "ஒண்ணுமில்லப்பா" என்று கேட்டது. நான் பயந்துவிடக் கூடாதென்று கூட்டிச் சொல்கிறான் என்று தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு என்னால் உட்கார முடியவில்லை. "சூசை, இதப் புடி" என்று சொல்லிவிட்டு எழுந்து முன்னால் போய், ராயப்பன் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி நானே விட்டுப் பார்த்தேன்.

ஆறு பாகம்தான்.

பாய்க்கயிற்றைக் கட்டிவிட்டுச் சூசை சுக்கானுக்கு வந்து சேர்வதற்குள் தோணி தலை திரும்பிவிட்டது. அடுத்து விட்டபோது மூன்று பாகம். தண்ணீருக்கு அடியில் பாறை கறுப்பாகத் தெரிந்தது. ராயப்பன் ஓடினான், சூசையும் அவனும் சுக்கானோடு மல்லுக்கட்டினார்கள், மற்றவர்கள் பாயை மாற்றினார்கள். எப்படியோ விலகி வெளியே வந்தோம்.

சூசைதான் மெதுவாகக் கேட்டான். "தண்டல், சுக்கான விட்டுட்டுப் போகலாமா?"

குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு ஆட்டத்திலும் பையிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் ஆறு மாதம் பாடுபட்டது பலித்திருந்தது. சாரம் காய்ந்திருந்தது.

சுக்கானுக்குத் திரும்பினேன், உட்காரவில்லை. "ராயப்பா, இங்கன வந்து நீ உக்காரு" என்றேன்.

"அப்பா, நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தாம்லே சொன்ன. ஒன் சொல்ல நம்பி என்னால சுக்கான் புடிக்க முடியல. இனி நீயே புடி."

முன்னால் போய்க் கயிற்றை நான் எடுத்துக்கொண்டேன். கரை வரைக்கும் நான் அளந்து சொன்னேன். நான் சொன்ன ஒவ்வொரு எண்ணையும் அவன் திரும்பக் கேட்காமல் அப்படியே நம்பித் தோணியைக் கொண்டுவந்தான். அதற்குப் பிறகு நான் கடலுக்குப் போகவில்லை.

இப்போது உடம்பு சமாளிக்கக் கூடியதாக இருக்கிறது. வீட்டில் துணி, கோயிலுக்குக் கிளாம்ப், வெளியூருக்கு உறையும் பையும். ஒரே கருவி எல்லாவற்றுக்கும் உதவும் என்று தேடாதீர்கள், கிடையாது. ஒரு நாளை நான் கடிகார மணியால் அளப்பதில்லை. கிளாம்பைத் திறக்கிற நேரம், துணியை மாற்றுகிற நேரம், பையை வடிக்கிற நேரம், அவ்வளவுதான். அடுக்களையில் செலஸ்தீனும் ராயப்பனும் குரலைத் தாழ்த்திப் பேசினால் என் கை தானாக அடிவயிற்றுக்குப் போகிறது. என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாத ஏதோ அங்கே ஓடுகிறது என்று நினைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் மீன் விலையாகத்தான் இருக்கும்.

ராயப்பன் நல்ல தண்டல் என்று துறைமுகத்தில் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவன்தான் என்னை மதுரைக்குக் கூட்டிப்போகிறான். பார்த்து முடிந்ததும் டாக்டர் எழுந்திருங்கள் என்பார். நான் எழுந்திருக்க மாட்டேன். டாக்டரோடு அவனைத் தனியே விட மாட்டேன், ராயப்பன் முதலில் வெளியே போக வேண்டும். அவன் போய், கதவு சாத்திய பிறகுதான் நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன்.